பெரியம்மா எனக்கு வைத்த கோதுமை விரதம்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

கிள்ளானிலிருந்து எங்கள் எல்லோரையும் ஆண்டுவரும் மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு,

லோகேஸ்வரி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே என் வயிறு நீங்கலாக அனைவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் பெரியப்பாவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். கம்யூட்டர் ரயிலில் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் என் வாக்கியங்களை நீங்களே முடித்துவைக்கிறீர்கள். அதுவும் நான் நினைக்காத விதமாக முடித்துவைக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது மறு நிமிடமே குடும்பக் குழுவில் வந்து விழுகிறது, முகம் தெரியாத சித்தப்பா ஒருவர் அதற்குக் கட்டைவிரல் காட்டுகிறார். காகிதத்தைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். "பையன் வீட்டுல பெரிய மனசு பண்ணி சரின்னுட்டாங்க. இனிமே உனக்கு என்னடி கஷ்டம்? வாயத் தொறந்து ஒரு சரி சொல்லு, அது போதும்." பெரியம்மா, வாயைத் திறந்ததால் வந்த வினைதான் இவ்வளவும். முகுந்தனைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதம் இல்லை. 'காரணம் சொல்லத் தெரியாதவளுக்கு என்ன வீம்பு' என்று அதே செய்தியில் கேட்டிருந்தீர்கள். காரணம் சொல்லத் தெரியும். கொஞ்சம் நீளமாகத் தெரியும்.

என் நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. டாக்டர் அதை உங்களை வைத்துக்கொண்டுதான் சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் என் உடம்பு என் குடலையே எதிரி என்று நினைத்துத் தாக்கும், கொஞ்சம் போனாலும் தாக்கும், இதற்கு மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம் என்றார். நீங்கள் நன்றாகத் தலையாட்டினீர்கள். கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும், "சப்பாத்தி வேணாங்கிறாரு, அவ்வளவுதானே? சப்பாத்தி என்ன நம்ம சாப்பாடா?" என்றீர்கள். அடுத்த வாரம் உங்கள் வீட்டு ரசத்தைக் குடித்துவிட்டு உங்கள் குளியலறைத் தரையில் நான் சுருண்டு கிடந்தபோது கதவுக்கு வெளியே நின்று, "மிளகு சீரகத்துல எங்கடி கோதுமை?" என்று கேட்டீர்கள். வெளியே வந்து பெருங்காயத்தூள் டப்பாவைத் திருப்பி, அதில் கோதுமை மாவு சேர்த்திருப்பதாக எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். நீங்கள் வெகுநேரம் படித்துவிட்டு, "காயத்துலயா கலக்குறாங்க? அப்ப அது மருந்து லா, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி டப்பாவை அதே இடத்தில் வைத்தீர்கள்.

இந்த நோயைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லக் கூடாது என்று நீங்கள் முடிவெடுத்ததுகூட எனக்குப் புரிகிறது. அம்மா இல்லாத பெண், தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக் களைத்த அப்பா, இதன் மேல் ஒரு நோயையும் வைத்தால் யார் படியேறுவார்கள் என்று பயந்தீர்கள். சரி. டயட் என்று சொல்லியிருக்கலாம். கோதுமை பிடிக்காது என்று சொல்லியிருக்கலாம். இந்தக் காலத்துப் பெண்களுக்குத் திமிர் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், உங்களுக்கு அது சரளமாக வரும். நீங்கள் நேரே முருகனைக் கூப்பிட்டுவிட்டீர்கள். நல்ல இடம் அமையும்வரை கோதுமை தொடுவதில்லை என்று நான் வேண்டிக்கொண்டிருப்பதாக முகுந்தனின் அம்மா பவுனம்மாள் ஆன்டியிடம் சொல்லிவிட்டு, என்னிடம் சொல்லவில்லை. பவுனம்மாள் ஆன்டி பூச்சோங்கிலிருந்து எனக்குப் போன் செய்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையாம்மா!" என்று உருகியபோதுதான் நான் எவ்வளவு பெரிய பக்தை என்பது எனக்கே தெரிந்தது.

அந்தப் பொய் வேலை செய்தது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். நோய் என்று நான் உண்மையைச் சொன்ன இடங்களில் எல்லாம், "ஒரு வாய்தானே, என்ன ஆயிடப் போவுது?" என்று தட்டை நீட்டினார்கள். நீங்கள் விரதம் என்று பொய் சொன்ன இடத்தில், பவுனம்மாள் ஆன்டி கோயில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் கையை விரித்து நின்று, "பூரி வைக்காதீங்க, புள்ள விரதம்! அந்தக் கரண்டி பட்டிருக்கும், வேற கரண்டி எடுங்க!" என்று பரிமாறுகிறவர்களோடு மல்லுக்கு நின்றார். டாக்டர்கூட எனக்காக அப்படி நின்றதில்லை. தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவரிடம் ஒரு துண்டு கோழிதானே என்று யாரும் நீட்டுவதில்லை. நோன்பு பிடிப்பவரிடம் ஒரு மடக்குத் தண்ணீர்தானே என்று யாரும் சொல்வதில்லை. குடல் புண்ணாகும் என்பவளிடம் மட்டும் எல்லோருக்கும் தாராள மனசு வந்துவிடுகிறது. சாமிக்குக் கொடுத்த வாக்குக்கு இருக்கும் மரியாதையில் கால்வாசி குடலுக்கு இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி கடைக்கு வருகிறேன். இரண்டு குடும்பமும் சந்திப்பதற்கு நான் ஏன் கிள்ளானில் உங்கள் வீட்டை விட்டுவிட்டு, என் அறைக்குப் பின்சந்தில் இருக்கும் சனாவுல்லா அண்ணன் கடைதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன் என்று இன்றுவரை குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். ஊரிலேயே மைதா ரொட்டி சானாய் கிடைக்காத ஒரே மாமாக் சாப்பாட்டுக் கடை அது. அவர் மனைவி மைமூன் அக்காவுக்கும் எனக்கும் ஒரே நோய். அது தெரிந்த நாளில் அண்ணன் மைதா மூட்டைகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார். ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர் கோபித்துக்கொண்டு அம்பாங்கில் வேறு கடைக்குப் போய்விட்டார், வாடிக்கையாளர்களில் பாதிப் பேரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். மிஞ்சியது தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, அப்புறம் சுவரில் ஒரு பலகை: 'ரொட்டி இல்லை. மீ கோரேங் நூடுல்ஸ் இல்லை. ஏன் என்று கேட்டால் நேரம் ஆகும்.' யாராவது தெரியாமல் உட்கார்ந்து ரொட்டி கேட்டால் அவர் ஏன் என்று சொல்லத் தொடங்குவார். உண்மையிலேயே நேரம் ஆகும். வாயில் வைக்கும் முன் ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகிக்காமல் நான் வெளியில் சாப்பிடக்கூடிய ஒரே இடம் அது. வீட்டுக்கு வெளியே வீடு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வீட்டில்தான் ரசம் குடித்து விழுந்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைக்கு முகுந்தன் புதியவர் இல்லை. நீங்கள் படம் காட்டி எண் கொடுத்த பிறகு நாங்கள் அங்கேதான் சில முறை சந்தித்தோம். முதல் தடவையே விரதம் கிரதம் எல்லாம் இல்லை, இதுதான் விஷயம் என்று நான் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். என்ன சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது, தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "கவலப்படாத லோகா, அம்மாகிட்ட பக்குவமா சொல்லிக்கலாம். நான் பாத்துக்குறேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நீங்கள் பார்த்த வரன்களில் எனக்குப் பிடித்துப்போன முதல் ஆள் அவர்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்; வீம்பு என்றீர்களே, அதற்காக.

போன வாரம் அந்தச் சனிக்கிழமை காலை நடந்ததை நீங்கள் எல்லோரிடமும் உங்கள் பாணியில் சொல்லிவருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் அங்கேதான் இருந்தேன். அப்பா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "பாஸ், ரொட்டி சானாய் ஒண்ணு, குழம்பு தனியா" என்றார். சனாவுல்லா அண்ணன் பலகையைக் காட்டினார். அப்பா படித்துவிட்டு, "ஏன்?" என்றார். நான் அவர் காலை மிதித்தேன். தோசை வந்தது, ஆப்பம் வந்தது. பவுனம்மாள் ஆன்டி தேங்காய்ப்பாலைத் தொட்டுத் தொட்டு என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் மண்டபம் பற்றிப் பேசினீர்கள், ஆன்டி தை மாதம் பற்றிப் பேசினார், அப்பா தலையாட்டினார், முகுந்தன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப பேசி முடிச்ச மாதிரிதானே, அக்கா?" என்றார் ஆன்டி. "முடிஞ்ச மாதிரி என்னங்க, முடிஞ்சே போச்சு!" என்றீர்கள் நீங்கள். பெரியம்மா, அந்த ஒரு வார்த்தை. அது வாயிலிருந்து விழுந்த மறுகணம் ஆன்டி குனிந்து பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். ரவா கேசரி.

"நல்ல இடம் அமைஞ்சிடுச்சுல்ல? வேண்டுதல் நிறைவேறிடுச்சு. இனி விரதத்த முடிச்சு வைக்கணும், அது மாமியா கையாலயே இருக்கட்டும்னு விடிகாலையில எழுந்து செஞ்சேன்மா. கோயில்ல வச்சு உன் பேரு நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணி எடுத்தாந்திருக்கேன். எங்க, ஆ சொல்லு."

அவர்மேல் தப்பே கிடையாது. நீங்கள் சொன்ன கதையை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டது அவர்தான். ஒரு விரதம் என்றால் அதற்கு முடிவு என்று ஒன்று இருக்கும், கோதுமை தொடாத விரதம் கோதுமையில்தான் முடியும். இதை நீங்கள் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கரண்டி என் வாய்க்கு முன்னால் நின்றது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மின்விசிறியைப் பார்த்தீர்கள். அப்பாவைப் பார்த்தேன், அவர் உங்களைப் பார்த்தார். கடைசியாக முகுந்தனைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். அதே மேசையில் உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டவர். அவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "ஒரு வாய்தானே லோகா. அம்மா ஆசையா செஞ்சிருக்காங்க. சாப்பிடு லா."

வாயைத் திறந்தேன். கேசரி மிக நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த சனாவுல்லா அண்ணன் அப்போதுதான் பார்த்தார். குவளையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "ஏய் ஏய் ஏய்! என்னது அது? ரவையா? என் கடைக்குள்ள ரவையா?" என்று கத்தினார். ஆன்டி நிதானமாக, "தம்பி, இது பிரசாதம்" என்றார். "பிரசாதமோ பெருநாள் பலகாரமோ, கோதுமை கோதுமைதான்க்கா! கரண்டிய மேசையில வைக்காதீங்க! கீழயும் வைக்காதீங்க! கையிலயே புடிங்க!" ஆன்டி கரண்டியைத் தேசியக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீயுமா லோகா? தெரிஞ்சே முழுங்கினியா? என் வீட்டுக்காரிக்கு வந்த அதே நோய வச்சிக்கிட்டு?" என்றார்.

"நோயா?" என்றார் பவுனம்மாள் ஆன்டி.

அந்த இடத்தில் நீங்கள் பேசியிருக்க வேண்டாம், பெரியம்மா. எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் ஏதோ சமாளித்திருக்கலாம். நீங்கள் பேசினீர்கள். "நோயின்னு இல்லீங்க... வேண்டுதல்தான்... வேண்டிக்கிட்டதால வந்த நோய்" என்றீர்கள். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இடியாப்பம் பொட்டலத்துக்காக நின்றுகொண்டிருந்த சீனப் பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஆன்டி மகனிடம்தான் கேட்டார். "உனக்குத் தெரியுமாடா?" "தெரியும்மா." "தெரிஞ்சா பேசாம உக்காந்திருந்த?" முகுந்தன், "ஒரு வாய்தானேம்மா, நீங்க வருத்தப்படுவீங்களேன்னு..." என்றார். ஆன்டி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "என் கையாலயே குடுக்க வச்சிட்டீங்களேடா, எல்லாரும் சேந்து" என்று சொல்லிவிட்டு அழுதார். அதற்குள் அண்ணன் ஒரு இடுக்கியைக் கொண்டுவந்து கேசரி டப்பாவைப் பாம்பைத் தூக்குவதுபோலத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார், மேசையில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார், அப்பா இன்னும் சாப்பிட்டு முடிக்காத தோசையும் அந்த வெள்ளத்தில் போனது. மைமூன் அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, காலடியில் ஒரு பச்சை வாளியை வைத்து, "எனக்கும் இதான் வாளி, கூச்சப்படாத" என்றார். அதன்பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. ரசம் குடித்த நாளில் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறீர்கள். அது இந்த முறை வாரம் முழுக்க நீடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

முகுந்தன் அன்று மாலை செய்தி அனுப்பினார். 'சாரி லா. ஆனா நீயும் வேணாம்னு சொல்லியிருக்கலாமே?' அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அது குடலைவிட அதிகமாக எரிந்தது. மறுநாள் இன்னொன்று: கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஒரே சமையல்தான் நடக்கும், அம்மாவுக்கு இரண்டு அடுப்பு பார்க்க முடியாது, நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகிக்கொள்ளலாம், தன் நண்பனின் அக்காவுக்கு அப்படித்தான் சரியானதாம். 'வெளிய யாருக்கும் சொல்லிக்க வேணாம், நமக்குள்ள இருக்கட்டும்' என்றும் எழுதியிருந்தார். நீங்கள் சொல்லும் பெரிய மனசு இதுதான். நான் பல முறை படித்துப் பார்த்தேன், இதைவிடப் பெரிதாக அதில் எதுவும் தென்படவில்லை.

பவுனம்மாள் ஆன்டி தெரியாமல் செய்தார். நீங்கள் பொய் சொன்னீர்கள், அதை என்மேல் உள்ள பாசத்தில் சொன்னீர்கள். கோபம் இருந்தாலும் அதை நான் மறுக்க மாட்டேன். அப்பா வழக்கம்போல அப்பாவாக இருந்தார். முகுந்தன் மட்டும்தான் தெரிந்து செய்தார். ஒரு பக்கம் என் குடல், இன்னொரு பக்கம் ஒரு நிமிட தர்மசங்கடம். அவர் இரண்டையும் பார்த்தார், என் குடல் பரவாயில்லை என்று முடிவு செய்தார். அம்மாவோடு அவர் சண்டை போட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 'அம்மா, கரண்டியைக் கீழே வையுங்க' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அண்ணன் ஓடிவரவே வேண்டியிருந்திருக்காது. கல்யாணம் என்பது நிறையச் சாப்பாட்டு வேளைகள், பெரியம்மா. ஒவ்வொரு வேளையும் அந்தக் கரண்டிக்கு முன்னால் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே தயவுசெய்து அவர்களிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். காரணத்தையும் உள்ளபடியே சொல்லுங்கள்: பெண்ணுக்கு நோய் இருக்கிறது, பையனுக்கு அது தெரிந்திருந்தது, பேசாமல் இருந்தான், அதனால் வேண்டாம். இனிமேல் எனக்காக முருகனை எந்தக் காரியத்துக்கும் இழுக்காதீர்கள். வேண்டுதல், விரதம் என்ற வார்த்தைகளே என் பேரோடு சேர்ந்து யார் காதிலும் விழக் கூடாது. இனி எனக்கு வரனும் பார்க்காதீர்கள், படமும் அனுப்பாதீர்கள், எண்ணும் கொடுக்காதீர்கள். எனக்கு இருக்கிறதை இருக்கிறபடி சொல்லி வாழத் தெரியும். அது முடியாத இடத்தில் எனக்குச் சோறு வேண்டாம்.

பெரியப்பாவின் பாதங்களுக்கு என் வணக்கம். இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், அவருக்கும் யாராவது ஒரு வாய்தானே என்று ஊட்டிக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது வழக்கம்போல என் பேரையும் சொல்லுங்கள், பேரை மட்டும் சொன்னால் போதும், வேறு விவரம் வேண்டாம். உங்கள் ஆசிகளை எதிர்பார்த்து,

உங்கள் தங்கை மகள்,
லோகேஸ்வரி.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டிய பிறகும் தபாலில் சேர்க்க நேரமில்லாமல் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள், கேக் வெட்டினார்கள். எனக்கு நோய், சாப்பிடக் கூடாது என்றேன். "ஒரு வாய்தானே" என்று தட்டு இன்னும் கிட்டே வந்தது. குடல், குளூட்டன், டாக்டர் என்று மேலே எழுதியிருப்பது எல்லாவற்றையும் உள்ளபடியே விளக்கினேன். அந்த அக்கா அக்கறையோடு கேட்டுவிட்டு, "அப்ப கிரீம் மட்டும்?" என்றார். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது: "இல்லக்கா, வேண்டுதல்." தட்டு அந்தக் கணமே விலகியது. அக்கா மன்னிப்புக் கேட்டார், கேக் வெட்டிய கத்தியை என் மேசையிலிருந்து தள்ளிவைத்தார், எதிர்மேசைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே உறையைப் பிரித்து இதையும் சேர்க்கிறேன். முகுந்தன் விஷயத்தில் மாற்றம் இல்லை. ஆனால் அடுத்து யாராவது பெண் கேட்டு வந்தால், படத்தை அனுப்புங்கள். வேண்டுதல் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்த முறை முடியும் நாள் மட்டும் வைக்காதீர்கள்.